வெற்றி நாளில் நான் சொன்ன பதில்

மாலத்தீவில் நவம்பர் 3 அரசு விடுமுறை. வெற்றி நாள் என்று அதற்குப் பெயர். 1988-ஆம் ஆண்டு அந்தத் தேதியில் ஆட்சியைப் பிடிக்க வந்த ஆயுதக் கும்பலை முறியடித்ததை அந்த நாட்டு மக்கள் அன்று நினைவுகூர்கிறார்கள். நான் அங்கே ஒரு தீவுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். 2013-ஆம் ஆண்டு, அந்தச் சம்பவம் நடந்து 25 வருடம் நிறைந்த விடுமுறை நாளில், என் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் சொன்ன பதிலில் பொய்யான தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலால் மூன்று பேரிடம் நாணயம் தவறினேன். இத்தனை ஆண்டுகளாக ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று என்ன நடந்தது என்பது நம் ஊரில் பலருக்கு மறந்துபோயிருக்கும். 1988 நவம்பர் 3 விடியற்காலையில் இலங்கையிலிருந்து படகுகளில் வந்த ஏறத்தாழ 80 பேர் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். புளொட் என்று நாம் அறிந்த தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை அழைத்து வந்தவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகர். அதிபர் மௌமூன் அப்துல் கயூமின் ஆட்சியைக் கவிழ்ப்பது திட்டம். பாதுகாப்புப் படையின் தலைமையகத்தை அவர்களால் பிடிக்க முடியவில்லை. அதிபர் மறைவிடத்துக்குப் போய் இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட நம் விமானப்படையின் ஐ.எல்.-76 விமானங்கள் பாராசூட் படையினரோடு ஹுல்ஹுலே ஓடுதளத்தில் இறங்கின. ஆபரேஷன் காக்டஸ் என்று அதற்குப் பெயர். கும்பலில் ஒரு பகுதியினர் பிணைக்கைதிகளோடு ஒரு சரக்குக் கப்பலில் தப்பியோட, ஐ.என்.எஸ். கோதாவரியும் ஐ.என்.எஸ். பெத்வாவும் அதைக் கடலில் மறித்துப் பிடித்தன. மொத்தம் 19 உயிர்கள் போயின.

அப்போது நான் விருத்தாசலத்தில் பள்ளி மாணவன். ஆகாசவாணியில் செய்தி கேட்டு வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டோம். நம் ராணுவம் ஒரே ராத்திரியில் போய் ஒரு நாட்டைக் காப்பாற்றிவிட்டது என்று அப்பா எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது. துப்பாக்கியோடு போய் இறங்கியவர்கள் பேசியது எந்த மொழி என்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகளான நாங்கள் கடைவீதி வழியாக ஊர்வலம் போனோம். ஈழத் தமிழர்களுக்காக உண்டியல் குலுக்கினோம். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் உலகத் தமிழர் ஒற்றுமைதான் நான் எடுக்கும் தலைப்பு. கைதட்டலும் பரிசும் அதற்குத்தான் கிடைத்தன. நான் எப்படிப்பட்ட ஊரிலிருந்து, எப்படிப்பட்ட பேச்சு பேசிவிட்டு அங்கே போனேன் என்று தெரிந்தால்தான் நான் செய்ததன் அளவு தெரியும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பா பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் களிமண்ணை வைத்து எங்கள் ஊரில் ஒரு காலத்தில் அத்தனை பட்டறைகள் ஓடின. வீட்டு மின்பெட்டியில் செருகும் ஃபியூஸ் கேரியர் எங்கள் ஊர்ச் சூளையில் வெந்து ஊரெல்லாம் போனது. பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தத் தொழில் மெலிந்தது. நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் சேர்ந்தேன். அந்தச் சம்பளத்தில் தங்கை கல்யாணக் கடனை அடைக்க வழி தெரியாமல்தான் மாலத்தீவு வேலைக்கு விண்ணப்பித்தேன். அங்கே பள்ளிப்பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் நடத்த இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தப் புதுப்பித்தலை நினைத்துக்கொண்டே வருடம் ஓடும்.

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் மட்டக்களப்புக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டை ஒட்டி ஒரு பவளக்கல் மதில், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குடும்பம். அந்த வீட்டுப் பையன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அவன் அம்மா சில காலைகளில் ரொஷியும் மாஸ் ஹுனியும் கொடுத்தனுப்புவார். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்தது அது. நோன்பு மாதத்தில் மாலை நேரம் தட்டு வராத நாள் குறைவு. வெளிநாட்டு ஆசிரியர்களை அந்தத் தீவு அப்படித்தான் வைத்திருந்தது. எனக்கு அங்கே யாரும் எந்தத் தீங்கும் செய்ததில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தால் அப்படிப் பேசினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பயப்பட ஒரு சின்னக் காரணம் இருந்தது என்பதும் உண்மை. முந்தைய ஆண்டின் கடைசியில் மாலே விமான நிலையத்தை நடத்திவந்த இந்திய நிறுவனமான ஜி.எம்.ஆர்.-இன் ஒப்பந்தத்தை மாலத்தீவு அரசு ரத்து செய்திருந்தது. இரு நாடுகளுக்கும் இடையே மனத்தாங்கல். 2013 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, நவம்பர் 9-இல் மறுபடி வாக்குப்பதிவு என்றிருந்த நேரம். தேநீர்க் கடைகளில் அரசியல் சூடாக இருந்தது. வெளிநாட்டுக்காரன் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 2, சனிக்கிழமை. அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அடுத்த நாள் வெற்றி நாள் விடுமுறை. ஆகத் தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு. வேற்று மத வழிபாட்டை வெளிப்படையாகச் செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. அதனால் விளக்கு, பூஜை எதுவும் இல்லை. கேசரி கிண்டினேன். அவர் மட்டக்களப்புப் பிட்டு அவித்தார். பக்கத்துத் தீவிலிருந்து தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஆசிரியர்கள் இருவர் படகில் வந்திருந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து இரவு வெகுநேரம் பேசினோம். ஊரில் பேசுவதுபோல உரக்கப் பேசினோம், சிரித்தோம். அடக்கமாகப் பேசிப் பேசிச் சலித்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பள்ளியில் கொடியேற்றம். பிள்ளைகள் அணிவகுத்துப் பாடினார்கள். பேசியவர்களில் ஒரு பெரியவர் இந்தியாவுக்கு நன்றி சொன்னார். கூட்டம் முடிந்ததும் அவரும் வேறு சிலரும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த விமானத்தில் நானே வந்து இறங்கியதுபோல ஒரு பூரிப்பு. மட்டக்களப்பு சார் கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் கையை யாரும் குலுக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

மாலையில் கடற்கரையில், கயிற்றில் பின்னிய ஜோலி இருக்கைகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வீட்டுப் பையன் வந்தான். கொஞ்சநேரம் தயங்கி நின்றுவிட்டுக் கேட்டான். அவன் அம்மா பிறந்தது மாலேயில். 1988-இல் சிறுமி. அன்று விடியற்காலையில் வீட்டார் அவளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருந்தார்கள். தெருவில் ஆட்கள் ஓடிக்கொண்டே ஏதோ கத்தினார்கள். அந்த ஒலி அவளுக்கு மறக்கவில்லை. நேற்று ராத்திரி எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து வந்த பேச்சைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

"அது உங்கள் மொழிதானா சார்? அம்மா கேட்கச் சொன்னாள்."

அவன் குரலில் கோபம் இல்லை. குற்றம் சாட்டவும் வரவில்லை. அம்மா இருபத்தைந்து வருடமாகக் காதில் வைத்திருந்த ஓர் ஒலி என்னவென்று தெரிந்துகொள்ள, தான் நம்பும் ஆசிரியரிடம் வந்திருந்தான். நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன், சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேள் என்று. அதைத்தான் அவன் செய்தான்.

நான் சொன்னது இது: "அவர்கள் இலங்கைக்காரர்கள். சாருடைய நாடு. நான் இந்தியன். விமானத்தில் வந்து உங்களைக் காப்பாற்றியவர்கள் நாங்கள்."

சொல்லும்போது கையால் அவரைக் காட்டினேன். அந்தக் கை நீட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பையன் அவரைப் பார்த்தான். அவர் எழுந்து நின்று, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். ஆமாம், அது தமிழ்தான், நாங்கள் இரண்டு பேரும் பேசுவது அதே தமிழ்தான், நேற்றுச் சத்தமாகப் பேசி அம்மாவைப் பயப்பட வைத்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று அவளிடம் சொல். பையன் தலையாட்டினான். பிறகு, எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல, அவர்களைக் கூட்டிவந்ததே எங்கள் ஆள்தான் சார், அது எங்களுக்குத் தெரியும் என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை. தன் நாட்டின் துக்க நாளில் தன் நாட்டான் செய்ததை மறைக்காமல் சொன்னான். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் சொன்னது: "நீங்க சொன்னது சரிதான் தம்பி. அவங்க எங்கட ஆக்கள்தான். நான் அவங்கட ஆள் இல்ல, அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் போனபின், "அந்த மாசம் உங்கட ஆமி எங்கட ஊரிலயும் நிண்டது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்திய அமைதிப்படை 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்தது எனக்குத் தெரியாததல்ல. மாலேயில் நம் படை இறங்கிய அதே நாட்களில் அதே நாட்டுப் படை மட்டக்களப்புத் தெருக்களில் துப்பாக்கியோடு நின்றது. அந்தத் தெருவில் வளர்ந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் காப்பாற்றியவர்கள் நாங்கள் என்று நான் பெருமை பேசினேன். அவர் வீட்டில் அந்த வருடங்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் ஒரு நாளும் நான் விசாரித்ததில்லை.

அதன் பிறகு செய்தது இன்னும் மோசம். தெருவில் அவரோடு நடக்கும்போது ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். அவர் தமிழில் ஏதாவது கேட்டால் குரலைத் தாழ்த்தி ஒரு சொல்லில் முடிப்பேன். வீட்டு முற்றத்தில் உட்காருவதை விட்டேன். பையனின் அம்மாவுக்கு இடைஞ்சல் கூடாதென்று அப்படிச் செய்வதாக நினைத்துக்கொண்டேன். அவளுக்காக அக்கறைப்பட்டிருந்தால் மதிலைச் சுற்றிப் பத்து எட்டு நடந்து போய் அவளிடம் பேசியிருக்க வேண்டும். மட்டக்களப்பு சார் போனார். அந்த வாரமே போய் வாசலில் நின்று பையனை இடையில் வைத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தார். அடுத்த சில நாளில் அந்த வீட்டிலிருந்து மறுபடி மீன் உருண்டை வந்தது. அவர் வாங்கிச் சாப்பிட்டார். நான் வயிறு சரியில்லை என்றேன்.

கல்வி ஆண்டு முடிந்ததும் அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். துறைமுகத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள், அந்த அம்மாவும் போயிருந்தாராம். விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்று நான் அறையிலேயே இருந்துவிட்டேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தங்கை கடன் அடைந்தது. வேலைக்கு ஆபத்து என்று நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அதே உண்மையை எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்ன அவர் எல்லோருடைய அன்போடும் படகேறினார்.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒப்பந்தம், கடன், அந்த ஆண்டின் அரசியல் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் போதவில்லை. காலையில் பெரியவர்கள் கையைக் குலுக்கியபோது கிடைத்த மரியாதை எனக்கு இனித்தது. மாலையில் அந்தப் பையனின் கேள்வி அதைப் பறித்துவிடும்போல இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள, முந்தைய இரவு எனக்குப் பிட்டு ஊட்டாத குறையாகப் பரிமாறிய மனிதரைக் கையால் சுட்டிக்காட்டினேன். படையெடுத்து வந்தவர்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அவருக்கும் இல்லை. 1988-இல் நான் பிள்ளை. தமிழ் பேசியதற்காக நான் யாரிடமும் குற்றவாளி ஆகவேண்டிய அவசியம் இல்லை. ஆமாம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அந்தச் சொல்லில் எனக்கு எந்த நட்டமும் இல்லை. அதைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான் என் குற்றம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் வந்த வீரர்களின் உழைப்பில் எனக்குப் பங்கு உண்டென்றால், படகில் வந்தவர்களின் பாவத்திலும் பங்கு உண்டு. தேசத்தால் ஒன்று, மொழியால் மற்றொன்று. நல்லதை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டு கெட்டதை அடுத்தவர் தலையில் வைத்தேன். விருத்தாசலத்தில் மேடையேறி உலகத் தமிழர் என்று முழங்கியபோது எனக்குக் கிடைத்ததும் கைதட்டல்தான். அந்தப் பேச்சை யாரும் சோதிக்காத வரை அது என்னிடம் பத்திரமாக இருந்தது. சோதிக்க வந்தவன் ஒரு சிறுவன். ஒரே கேள்வியில் அது கலைந்துபோயிற்று.

ஊருக்குத் திரும்பிய பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள், மாலத்தீவு எப்படி சார் என்று. கடல் நிறம், மீன், விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் வளையத் தீவுகள், இவற்றைச் சொல்வேன். இலங்கைத் தமிழர்களின் அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கவேண்டும் என 2021-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தபோது, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் அதை மனமார வரவேற்றுப் பேசினார்கள். நானும் கூடப் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கடற்கரை நினைவு வந்து, நடுவில் நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. தனக்கு அநியாயம் நடந்ததென்று நினைப்பவர்கள் அதைத் தாளில் எழுதி, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுதல் என்று பெயர். திருட்டு, கடன், சொத்துத் தகராறு, பிரிந்துபோன பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அங்கே தாளாகத் தொங்கும். ஒருமுறை நானும் தாள் வாங்கினேன். கெடுதல் செய்தவன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். நடந்ததை எழுதினேன். கட்டவில்லை. சாமியிடம் ஒப்படைத்துவிட்டால் மனம் லேசாகிவிடும், அந்த லேசு எனக்கு வேண்டாம் என்று பட்டது. நான் பதில் சொல்லவேண்டியது மட்டக்களப்பு ஆசிரியரிடமும் அந்தத் தாயிடமும் அந்தப் பையனிடமும். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

சார், நீங்கள் எங்கிருந்தாவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று உங்களைச் சுட்டிக்காட்டியதற்கும், அதன்பின் உங்களோடு நம் மொழியில் பேச மறுத்ததற்கும், வழியனுப்ப வராததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்பது உங்கள் விருப்பம்.

மாலத்தீவின் தீவுகளில் இப்போது பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நம் ஊர் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 3 உங்களுக்கு ஓய்வு நாள், அவர்களுக்கு 19 உயிர்களின் நினைவு நாள். அன்று யாராவது வந்து, தெருவில் கத்தியது உங்கள் மொழியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.